கேளுங்கள் சிஸ்டரிடம்: கடலில் பட்ட காயம்

ராமநாதபுரம் கடற்கரையில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை. அதனால் இந்தப் பக்கத்தில் மாத்திரை பெயர் கேட்டு எழுதுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். காயத்தை எப்படிக் கழுவுவது, எப்படி மூடுவது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவது, இதையெல்லாம் தாராளமாகக் கேளுங்கள். 61 நாள் தடைக்காலம் முடிந்து ஜூன் 15-ல் படகுகள் இறங்கியதும் வருஷா வருஷம் இதே கடிதங்கள்தான் குவிகின்றன. இரண்டு மாதம் கயிறு பிடிக்காத கை மெத்தென்று ஆகிவிடும். முதல் வாரத்திலேயே கிழியும்.

எனக்கு 46 வயது. சென்னையில் ஐ.டி. வேலை. சனி, ஞாயிறுகளில் நண்பர்களோடு பழவேற்காடு பக்கம் தூண்டில் போடப் போவேன். போன வாரம் தேங்காய் உடைக்கும்போது இடது உள்ளங்கையில் அரிவாள் பட்டுவிட்டது. ஓர் அங்குல வெட்டு. மேலே காய்ந்துவிட்டது, ஒரு ஓரம் மட்டும் லேசாகக் கசிகிறது. சர்க்கரை உண்டு. "உப்புத் தண்ணி பட்டா சீக்கிரம் ஆறிடும்டா" என்கிறார் அப்பா. இந்த வாரம் போகலாமா?
– வாசகர், பெரம்பூர்

போக வேண்டாம். கசிகிற காயம் திறந்த காயம். மேலே பொருக்கு கட்டியிருப்பதெல்லாம் கணக்கில் வராது.

அப்பா சொல்வதைத்தான் எங்கள் ஊரிலும் எல்லா அப்பாக்களும் சொல்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. கருவாடு கெடாமல் இருக்கப் போடுகிற உப்பு இதைவிடப் பல மடங்கு. இந்த 35 கிராமில் சாகிற கிருமிகளும் உண்டு, ஆனால் கடலிலேயே பிறந்து வளர்ந்த கிருமிக்கு அதுதான் வீடு. ஆஸ்பத்திரியில் காயம் கழுவுகிற சலைனிலும் உப்புதானே என்று கேட்பீர்கள். அதில் லிட்டருக்கு 9 கிராம்தான். அது கிருமி நீக்கிய தண்ணீர். காயத்தைச் சுத்தம் செய்வது அதன் சுத்தமும் ஓட்டமும்தான், உப்பு இல்லை.

நீங்கள் போகிற இடம் பழவேற்காடு என்பதால் இன்னும் கொஞ்சம் பயமாக இருக்கிறது. அது ஏரி, ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற இடம். விப்ரியோ வல்னிஃபிகஸ் என்று ஒரு கிருமி உண்டு. காலரா கிருமிக்குப் பங்காளி. நடுக்கடலைவிட இந்த மாதிரி அரை உப்புத் தண்ணீர், அதுவும் வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் அதற்குக் கொண்டாட்டம். அமெரிக்காவில் மே முதல் அக்டோபர் வரை வெயில் மாதங்களில் இதைப் பற்றி எச்சரிப்பார்கள். நமக்கு வருஷம் முழுக்க வெயில் மாதம்தான். நம் நாட்டிலும் இந்தக் கிருமி தொற்றியவர்கள் உண்டு.

நல்ல உடம்புக்காரர் நிறைய பேருக்கு இது ஒன்றும் செய்யாமலே போகும். அதனால்தான் "நான் முப்பது வருஷமா கடல்ல கிடக்கேன், எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கிறவர்களும் ஊரில் நிறைய. ஆனால் சர்க்கரை உள்ளவர்கள், கல்லீரல் கெட்டவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து சாப்பிடுகிறவர்கள் உடம்பில் இது புகுந்தால் வேகமாகப் பரவும். தொற்று முற்றியவர்களில் ஐந்தில் ஒருவர் இறந்துபோகிறார்கள், சில நேரம் ஓரிரு நாளிலேயே.

"நான் தண்ணீரில் இறங்க மாட்டேன், கரையில் நின்றுதான் தூண்டில் போடுவேன்" என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். இரை இறாலை எந்தக் கையால் கொக்கியில் மாட்டுவீர்கள்? கெளுத்தி மாட்டினால் எந்தக் கையால் பிடிப்பீர்கள்? தண்ணீரில் இருக்கிற கிருமி மீன் மேல் உள்ள வழவழப்பிலும் இருக்கும்.

எப்போது போகலாம்? கசிவு நின்று, பொருக்கு தானாக உதிர்ந்து, கீழே இளஞ்சிவப்பாகத் தோல் மூடியிருக்க வேண்டும். அழுத்தினால் வலிக்கக் கூடாது. அதற்குப் பிறகும் சில வாரம் கையுறை போட்டுக்கொண்டு போங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற நீல நைட்ரைல் கையுறை உள்ளே, மீன் பிடிக்கிற தடித்த ரப்பர் கையுறை வெளியே. பருத்திக் கையுறை மட்டும் போட்டால் ஈரத்தைக் குடித்து நாள் முழுக்கக் காயத்தின் மேலேயே வைத்திருக்கும். அதற்கு வெறுங்கையே தேவலை.

காயத்தின் மேல் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, எலக்ட்ரீஷியன் ஒட்டும் கறுப்பு டேப்பை ஒட்டினால் போதாதா? எங்கள் படகில் எல்லோரும் அப்படித்தான்.
– வாசகர், காசிமேடு

போதாது. அந்த டேப் ஈரத்தோலில் ஒட்டாது. ஒட்டினாலும் வியர்வையில் ஒரு மூலை தூக்கும், தண்ணீர் உள்ளே போகும், போன தண்ணீர் வெளியே வராது. திறந்து விட்டிருந்தாலாவது காய்ந்திருக்கும்.

மெடிக்கல் ஷாப்பில் "வாட்டர்ப்ரூஃப் டிரஸ்ஸிங்" என்று கேளுங்கள். கண்ணாடி மாதிரி மெல்லிய ஒட்டுப் படலம். காயத்தைக் கழுவி, சுற்றியுள்ள தோலை நன்றாக உலரவிட்டு, எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் நல்ல தோலில் ஒட்டுகிற மாதிரிப் போட வேண்டும். எண்ணெய், களிம்பு எதுவும் ஓரத்தில் இருக்கக் கூடாது. உள்ளே தண்ணீர் தெரிந்தால் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதிது. சின்னச் சிராய்ப்புக்குத்தான் இதெல்லாம். ஆழமான வெட்டு, தையல் போட்ட காயம், சீழ் உள்ள காயம் என்றால் எந்தப் படலமும் வேண்டாம், நீங்கள் கரையில் இருங்கள்.

சிஸ்டர், என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். நண்டு கடித்தாலும் வலை அறுத்தாலும் டீசலை ஊற்றிக்கொள்வார், இல்லையென்றால் பீடித்தூளை அப்புவார். போன தடவை ஆழமாக வெட்டியதற்கு ஃபெவிக்விக் போட்டு ஒட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். சொன்னால் கேட்க மாட்டார். கொஞ்சம் குடிப்பழக்கமும் உண்டு. படகில் நான் என்ன கொடுத்துவிடட்டும்?
– வாசகி, தங்கச்சிமடம்

தங்கச்சி, உன் வீட்டுக்காரரை எனக்கு நேரில் தெரியாது, ஆனால் அவர் மாதிரி ஆட்களின் கையைப் பிடித்துக் கழுவியே என் சர்வீஸ் போனது.

டீசல் தோலைப் புண்ணாக்கும். பீடித்தூள் ரத்தத்தை நிறுத்துகிற மாதிரித் தெரியும், ஆனால் காயத்துக்குள் குப்பையைத் திணிக்கிறது. காபித்தூள், மஞ்சள், சாம்பல் எல்லாம் அதே கதை. நாங்கள் அதை ஒவ்வொரு துணுக்காக எடுக்க வேண்டும், அவர் வலியில் எங்களைத் திட்டுவார். இதில் எல்லாவற்றிலும் மோசம் அந்தப் பசைதான். கிருமியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிற வேலை. 2004 சுனாமியில் தாய்லாந்தில் அவசரத்தில் உடனே தைத்து மூடிய காயங்கள் நிறைய உள்ளே சீழ் கட்டிவிட்டன என்று மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலேயே கடல் காயத்தை உடனே தைக்க யோசிப்பார்கள். திறந்து வைத்து, நாள் விட்டுப் பார்த்துத்தான் மூடுவார்கள். "தையல்கூட போடாம அனுப்பிட்டாங்க" என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

நீ கொடுத்துவிட வேண்டியது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். கடையில் விற்கிற, மூடி சீல் உடைக்காத பாட்டில். குடிக்கிற கேன் தண்ணீரைக் கையில் ஊற்ற எந்த டிரைவரும் விட மாட்டார், அதனால் இது தனியாக இருக்கட்டும். கூடவே இன்னொரு பாட்டில் மூடியைக் கழுவி, ஊசியை அடுப்பில் காட்டி அதில் நாலைந்து ஓட்டை போட்டுக் கொடுத்துவிடு. அடிபட்டதும் பாட்டில் மூடியைக் கழற்றி இந்த ஓட்டை மூடியை மாட்டிப் பாட்டிலைப் பிதுக்கினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அந்த வேகம்தான் மணலையும் செதிலையும் கிளப்பி வெளியே தள்ளும். சும்மா சொட்டச் சொட்ட ஊற்றினால் மேலே நனைகிறதே தவிர உள்ளே இருப்பது அசையாது. முதலில் சோப்பைக் கையில் குழைத்துக் காயத்தைச் சுற்றித் தேய்க்க வேண்டும், பிறகு பாட்டில் காலியாகிறவரை பீய்ச்ச வேண்டும். கடல் தண்ணீரால் கழுவக் கூடாது, கை எட்டுகிற தூரத்தில் இருந்தாலும் கூடாது. ரத்தம் நிற்கவில்லை என்றால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்த வேண்டும். நடுவில் நடுவில் எடுத்துப் பார்த்தால் நிற்காது.

சோப்பு ஒரு துண்டு, போவிடோன் அயோடின் சின்ன பாட்டில், காஸ் துணி, நான் மேலே சொன்ன ஒட்டுப் படலம், நாலு ஜோடிக் கையுறை. எல்லாவற்றையும் மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, படகில் தீப்பெட்டி வைக்கிற இடத்தில் வைக்கச் சொல். அங்கேதான் நனையாது, அங்கேதான் தேடாமல் கிடைக்கும்.

குடிப்பழக்கம் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டாய். எனக்கு இந்தக் கடிதத்தில் அதுதான் பெரிய விஷயம். வருஷக்கணக்கில் குடித்துக் கல்லீரல் கெட்டவரைத்தான் விப்ரியோ முதலில் வீழ்த்தும். அவர் வெளிக்குத் திடமாகத்தான் இருப்பார், வலை இழுப்பார், உள்ளே கெட்டிருப்பது அவருக்கே தெரியாது. ஒரு தடவை ராமநாதபுரத்துக்குக் கூட்டிப் போய்க் கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுத்துவிடு. அதுவரை காலில் செருப்பில்லாமல், கையில் உறையில்லாமல் படகேற விடாதே.

படகு காலையில் போனால் மறுநாள்தான் கரை சேரும். அதற்குள்ளேயே காயம் கெடத் தொடங்கலாம். எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று கூடப் போகிற ஆட்களிடமும் சொல்லி வை. பார்க்கச் சின்னதாக இருக்கிற காயம் தாங்க முடியாமல் வலித்தால் அதுதான் முதல் அடையாளம். சுற்றிலும் சிவந்து சூடாகும். சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதச் சொல். ஒரு மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, கருநீலக் கொப்புளம் எழும்பினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, ஆள் பிதற்றினாலோ வலையை விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்ப வேண்டும். மீன்பாடு போனால் போகட்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் முதல் வார்த்தையாக "கடல் தண்ணி பட்ட காயம்" என்று சொல்ல வேண்டும். இதை நான் இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது. கையில் வெட்டு என்று மட்டும் சொன்னால் சாதாரணக் காயத்துக்குக் கொடுக்கிற மருந்தைக் கொடுப்பார்கள். கடல் என்று சொன்னால் மருந்தே மாறும். கல்லீரல், சர்க்கரை இருந்தால் அதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தால் சில இடத்தில் கேட்கவே மாட்டார்கள்.

நாங்கள் பாசி எடுக்கப் போகிறவர்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் முங்குவோம். பாறையும் சிப்பியும் கீறி, துணிக்குள்ளேயே விரல் வெந்து வெள்ளையாகிவிடுகிறது. என்ன செய்ய?
– வாசகி, பாம்பன்

துணி சுற்றுவது பாறையிலிருந்து காப்பாற்றும், ஈரத்திலிருந்து காப்பாற்றாது. ஊறிய தோல் சுலபமாகக் கிழியும். நேற்று சுற்றிய துணியையே இன்றும் சுற்றினால் நேற்றைய கிருமி இன்றைய கீறலுக்குள் போகும். துணியைத் தினமும் சோப்பு போட்டு அலசி, கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்து வெயிலில் காய வையுங்கள். இரண்டு செட் வைத்துக்கொண்டால் சுலபம். துணிக்கு உள்ளே மெல்லிய ரப்பர் விரலுறை போட முடிந்தால் இன்னும் நல்லது.

கரையேறியதும் துணியை அவிழ்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. நல்ல தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, விரல் இடுக்கு வரை துடைத்து, காற்றுப்பட விடுங்கள். ராத்திரி தேங்காயெண்ணெய் தடவலாம், திறந்த கீறலின் மேல் மட்டும் வேண்டாம். காலுக்குச் செருப்பைக் கயிறு வைத்துக் கட்டிக்கொண்டு முங்குகிறீர்களே, அந்தக் கயிறு உராய்கிற இடத்தையும் பாருங்கள். யாரும் பார்க்காத புண் அங்கேதான் இருக்கும்.

திருக்கை வாலால் கணுக்காலில் அடித்துவிட்டது. வலி உயிர் போகிறது. பச்சிலை வைத்துக் கட்டினேன். பத்து நாளாகியும் ஆறவில்லை.
– வாசகர், வேதாரண்யம்

பத்து நாள் ஆறாத திருக்கை அடி என்றால் உள்ளே முள் துண்டு முறிந்து நிற்கலாம். நாளைக் காலையிலேயே அரசு மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். பச்சிலையைப் பிரித்துவிட்டுப் போங்கள்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருக்கை அடித்தாலும் கெளுத்தி குத்தினாலும் முதல் மருந்து சுடு தண்ணீர். அந்த விஷம் சூட்டில் வலு இழக்கும். படகில் டீ போடுகிற அடுப்பு இருக்கும்தானே. தாங்குகிற அளவு சூட்டில், சுமார் 45 டிகிரி, அடிபட்ட காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை மூழ்க வைக்க வேண்டும். சூட்டைப் பார்க்க அடிபடாத கையை விடுங்கள், அல்லது இன்னொருவரை விடச் சொல்லுங்கள். வலித்து மரத்துப்போன காலுக்குக் கொதிநீர் தெரியாது, விஷத்தோடு தீப்புண்ணும் சேரும். வலி குறைந்த பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவுவது, ஆஸ்பத்திரிக்குப் போவது எல்லாம் அப்படியே உண்டு. சுடு தண்ணீர் விஷத்துக்கு, கிருமிக்கு இல்லை.

நெஞ்சிலோ வயிற்றிலோ முள் குத்தி நின்றால் பிடுங்கவே கூடாது. அசையாமல் கட்டி அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். டி.வி.யில் முதலை பிடித்துக் காட்டிய ஆஸ்திரேலியர் ஸ்டீவ் இர்வின் 2006-ல் நெஞ்சில் திருக்கை முள் பாய்ந்துதான் இறந்தார்.

இறால் கம்பெனியில் உரிக்கிற வேலை. இறால் கொம்பு குத்திய இடத்தில் இரண்டு மாதமாக ஒரு கட்டி. வலி இல்லை. இப்போது மணிக்கட்டுக்கு மேலே இன்னும் இரண்டு வந்திருக்கிறது. இரண்டு டாக்டரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டும் போகவில்லை.
– வாசகி, தூத்துக்குடி

அம்மா, குத்திய இடத்திலிருந்து கை வழியாக மேலே வரிசையாகக் கட்டி ஏறுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு மைக்கோபாக்டீரியம் மரினம்தான் நினைவுக்கு வந்தது. காசநோய்க் கிருமியின் இனம், ஆனால் மீன்களிடம் இருப்பது. மெதுவாக வரும், குத்தி இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் குத்தியதே நமக்கு மறந்திருக்கும். வீட்டில் வண்ணமீன் தொட்டி கழுவுகிறவர்களுக்கும் வரும். ஐந்து நாள் மாத்திரைக்கெல்லாம் இது மசியாது, மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும்.

இது என் ஊகம்தான், சதை எடுத்துப் பரிசோதித்தால்தான் உறுதி. தோல் மருத்துவரிடம் போங்கள். இறால் வேலை செய்கிறேன், இறால் கொம்பு குத்தியது என்று சீட்டில் எழுத வையுங்கள். அந்தச் சீட்டு பரிசோதனைக் கூடத்துக்கும் போக வேண்டும். ஏனென்றால் சாதாரணமாகக் கிருமியை 37 டிகிரியில் வளர்த்துப் பார்ப்பார்கள், இந்தக் கிருமி 30 டிகிரி பக்கம்தான் நன்றாக வளரும். சொல்லாவிட்டால் "ஒன்றும் இல்லை" என்று ரிப்போர்ட் வரும்.

பக்கத்தில் மீன் வெட்டுகிற தோழிகளுக்கு விரல் ஊதாவாகத் தடித்து, எரிச்சலும் அரிப்பும் வந்து, சீழ் மட்டும் இல்லாமல் இருந்தால் அது வேறு கிருமி. பென்சிலின் வகை மருந்துக்குக் கேட்கும். சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

கையில் டாட்டூ குத்தி மூன்று நாள் ஆகிறது. நண்பர்கள் கடலுக்குக் கூப்பிடுகிறார்கள்.
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

டாட்டூவும் காயம்தான் தம்பி, ஆயிரக்கணக்கான ஊசிக்குத்து. அமெரிக்காவில் 31 வயதுக்காரர் ஒருவர் டாட்டூ குத்திய ஐந்தாம் நாள் மெக்ஸிகோ வளைகுடாவில் குளித்தார். விப்ரியோ ஏறி, தீவிர சிகிச்சையில் கிடந்து இறந்துபோனார். அவருக்குக் கல்லீரல் நோய் இருந்தது, உனக்கு இருக்காது. இருந்தாலும் தோல் முழுக்க ஆறும்வரை நண்பர்களின் செருப்புக்குக் காவல் இரு.

டி.டி. ஊசி போட்டு ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. மீன் முள் குத்தினால் ஒவ்வொரு தடவையும் போட வேண்டுமா?
– வாசகர், கடலூர்

ஆறு மாதக் கணக்கு எங்கிருந்து வந்ததோ, ஊரெல்லாம் பரவியிருக்கிறது. சிறு வயதிலிருந்து முறையாகப் போட்டவருக்கு, மண்ணும் மீன் அழுக்கும் பட்ட காயம் என்றால் கடைசி ஊசி போட்டு ஐந்து வருஷம் தாண்டியிருந்தால்தான் மறுபடி தேவை. சுத்தமான சின்ன வெட்டுக்குப் பத்து வருஷம். சின்ன வயதில் போட்ட ஞாபகமே இல்லை என்றால் அதைத் தயங்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், கூடுதலாக வேறொரு ஊசியும் தேவைப்படலாம். அரசு மருத்துவமனைகளில் இப்போது போடுவது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்த ஊசி, அதைப் பார்த்து "வேற ஊசி போட்டுட்டாங்க" என்று பதற வேண்டாம்.

காயத்தைப் பொறுத்தவரை இந்த ஊசி ரண ஜன்னிக்கு மட்டும்தான். மேலே சொன்ன விப்ரியோவுக்கும் மற்றதற்கும் இது காவல் இல்லை, அதனால் ஊசி போட்டாச்சே என்று காயத்தைக் கழுவாமல் விடாதீர்கள். ஊசி போட்ட தேதியைச் சீட்டோடு போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு எப்படியும் நனைந்துவிடும்.